கொம்பையாவின் கால்விரல்கள்

செங்கமடைக் கண்மாய் உறைந்துபோனது சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தீப்பெட்டி ஆபீஸில் மதியச் சங்கு ஊதி, பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துவிட்டுக் கைகழுவத் தண்ணீர் மொள்ளப் போன நேரத்தில். முதலில் போனவளின் செம்பு தண்ணீரில் முட்டி ணங்கென்றது, அடுத்துப் போனவள் குனிந்து தொட்டுப் பார்த்து, “கண்மாய் கெட்டியாயிட்டுடீ” என்றாள், அதற்கடுத்துப் போனவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தாள், ஏனென்றால் மறுசங்கு ஊதும்போது குச்சி அடுக்கும் கட்டையின் முன்னால் இருக்காவிட்டால் அரைநாள் கூலி போய்விடும்.

அந்தக் கண்மாய்க்கு நீர்க்கட்டி கொம்பையா. மடையைத் திறப்பதும், அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் அவன் அப்பனுக்கும் அப்பனின் அப்பனுக்கும் வேலையாக இருந்து அவனுக்கு வந்தது. மடையின் கல்படிகள் பாசி பிடித்தவை; அதில் இறங்கி நின்று பலகையைத் தூக்க வேண்டுமானால் கால்விரல்கள் பத்தும் கல்லைக் கவ்வ வேண்டும். கவ்வி நின்றபடியே கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, இன்னும் எத்தனை வயல் நனையும் என்று அவன் உள்ளங்கால் சொல்லிவிடும். அந்த வெள்ளிக்கிழமை அவன் இறங்கி நின்றபோது உள்ளங்கால் ஒன்றும் சொல்லவில்லை. பலகையைத் தூக்கினான், பலகைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு சுவர் நின்றது. மறுபடி பலகையை இறக்கி அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி சீனியம்மாளிடம், “இன்னைக்குப் பாய்ச்சல் இல்ல” என்றான்.

“நாளைக்கி?” என்றாள் அவள்.

“நாளைக்கிப் பாப்போம்.”

நாளை வந்தது, ஆனி வந்தது, ஆடிக் காற்று வந்து பனிமேல் புழுதியைத் தூவிவிட்டுப் போனது, கண்மாய் உருகவில்லை. ஐப்பசி மழை பெய்தது, பெய்த மழையும் விழுந்த இடத்தில் கெட்டியாகிக் கண்மாய் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. கடப்பாரையால் உடைத்து எடுத்துப் போனவர்கள் அடுப்பில் வைத்தார்கள், அடுப்புத்தான் அணைந்தது. உருகாது என்று தெரிந்ததும் ஊர் அதற்கு வேலை கண்டுபிடித்தது. மீன் விற்கிறவள் ஒரு கட்டியை வாங்கிக் கூடையில் போட்டாள், அதே கட்டியை அவள் மகளும் பிறகு கூடையில் போட்டாள். கல்யாணத்தில் குத்துவிளக்கு, குடத்தோடு ஒரு கட்டியையும் துணி சுற்றிச் சீராக வைத்தார்கள். சிறிய கட்டி வந்தால் மாமியார்கள் பேசினார்கள். செத்தவர்களை அவசரமாக எடுப்பது நின்றது. பம்பாயில் இருக்கும் மகன் வந்து சேரும்வரை கட்டிகளின் நடுவே பொறுமையாகப் படுத்திருந்தார்கள். வண்ணான் துறையை விட்டுப் போனான். எருமைகள் கொஞ்ச நாள் கரையில் நின்று பார்த்தன, பிறகு விற்கப்பட்டன. குடிதண்ணீர் லாரியில் வந்தது. வயல்கள் மட்டும் எதற்கும் பழகவில்லை; அவை வெடித்துக் கிடந்தன.

அந்தப் பக்கத்து ஊர்களில் தீப்பெட்டி ஆபீஸ் இல்லாத தெருவும் இல்லை, ஹாக்கி மட்டை இல்லாத வீடும் இல்லை. பொட்டலில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இவ்வளவு பெரிய, இவ்வளவு சமமான தரையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. பந்து போட்டால் மறுகரை போய்த்தான் நின்றது, ஆகவே லாரி டயரை வெட்டித் தட்டையாக ஒரு வட்டு செய்தார்கள். வட்டு சொன்னபடி கேட்டது, கால்தான் கேட்கவில்லை. செருப்புப் போட்டு ஏறலாம் என்றால் கண்மாய்க்குள் செருப்புக் கூடாது. அது மடைக்கருப்பனின் இடம், அங்கே ஆணிச்செருப்புப் போட்டு நடக்கிற உரிமை கருப்பன் ஒருவனுக்குத்தான். பூசாரி இருளப்பனைக் கூப்பிட்டுக் கரையில் உட்கார்ந்து பேசினார்கள்.

“மாமா, அது இப்போ தண்ணியே இல்லயே, தரைதான. தரையில செருப்புப் போட்டா என்ன?” என்றான் ஒருவன்.

“உறைஞ்சாலும் கண்மாய் கண்மாய்தாம்லே” என்றார் இருளப்பன். “உங்கப்பன் செத்து வெறச்சுக் கெடந்தா அப்பன் இல்லேன்னு சொல்லிருவியா?”

கூட உட்கார்ந்திருந்த கொல்லாசாரி தொண்டையைச் செருமினார். “பூசாரி, கண்மாய்க்குள்ள அருவா கொண்டு போலாமா?”

“அருவா கருப்பனோடது. போலாம்.”

“அந்த அருவாளக் கால்ல கட்டிக்கிட்டுப் போனா?”

இருளப்பன் நெடுநேரம் யோசித்தார், திருநீற்றை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார், பிறகு சொன்னார்: “தோல் இருக்கக் கூடாது. துணி சுத்தக் கூடாது. உள்ளங்கால் கருப்பன் கண்ணுக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

ஆசாரி இரண்டு இரும்பு வளையத்தின் கீழே ஒரு தகடு வைத்து, விளிம்பைத் தீட்டி, மேலே நூல்கயிறு கோத்தார். வெறுங்காலில் அதைக் கட்டிக்கொண்டு ஏறியவர்கள் முதல் நாள் விழுந்தார்கள், இரண்டாம் நாள் நின்றார்கள், மாதம் முடிவதற்குள் பருந்து மாதிரி வட்டமிட்டார்கள். செங்கமடைக்காரர்கள் வெறுங்காலோடு பனியில் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று வெளியூரில் பேச்சுப் பரவியது, பார்க்க ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களுக்கு முறுக்கும் சுண்டலும் விற்றது, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி செல்லத்துரை ஒரு அணி சேர்த்துச் சம்பளம் போட்டார், அதைப் பார்த்து மற்ற ஊர் முதலாளிகளும் ஆளுக்கொரு அணி சேர்த்தார்கள், பனி ஒரே ஊரில் இருந்ததால் எல்லா அணியும் இங்கேதான் வந்து ஆட வேண்டியிருந்தது.

செல்லத்துரை முதலாளி கார் ஓட்டிக்கொண்டு கொம்பையாவைத் தேடி வந்தார். அப்போது கொம்பையா கடைமடையில், தன் வயலில் நின்றுகொண்டிருந்தான். மடையிலிருந்து கிளம்பும் வாய்க்கால் எல்லா வயலையும் தொட்டுவிட்டுக் கடைசியாக வந்து சேரும் வயல் அது. ஊருக்கெல்லாம் பாய்ச்சிய பிறகு தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வது நீர்க்கட்டியின் முறை.

“கோல்ல நிக்க ஆள் வேணும் கொம்பையா” என்றார் முதலாளி. “வாரவன் எல்லாம் வட்டக் கண்டா ஒதுங்குறான். அடைக்கிற வேல உனக்குத்தானய்யா தெரியும்.”

கொம்பையா சுற்றிலும் பார்த்தான். பக்கத்து வயல்களில் புதிதாகக் கல் நட்டிருந்தது. தண்ணீர் வராது என்று முடிவு செய்தவர்கள் ஒவ்வொருவராக விற்றுக்கொண்டிருந்தார்கள், வாங்கிக்கொண்டிருந்தவர் செல்லத்துரை. ஆட்டம் பார்க்க மேடை கட்டவும் மனை போடவும் அவருக்கு இடம் வேண்டியிருந்தது, விற்காதவர்களைப் பேசிப்பேசியே விற்க வைத்தார்.

“நிக்கேன் மொதலாளி” என்றான் கொம்பையா. “எனக்கு ஒண்ணு வேணும்.”

“கேளு.”

“இந்த வயல என்கிட்ட கேக்கக் கூடாது. என்னைக்கிருந்தாலும் தண்ணி வரும். வாரமட்டும் இது என் கையில கெடக்கணும். நான் கோல்ல நிக்கமட்டும் நீங்க வயலத் தொடக் கூடாது.”

முதலாளி சிரித்தார், பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு மடைக்குப் போய்க் கருப்பன் படியில் கைவைத்தார். “நீ நிக்கமட்டும் இல்ல, எப்பவுமே தொடமாட்டேன். எம் பிள்ளைகளும் தொடமாட்டாங்க. போதுமா?”

போதும் என்று கொம்பையாவுக்குத் தோன்றியது. வாய்க்காலைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீருடையது, தண்ணீர் ஊருடையது, அதை ஒருவன் விற்கவும் இன்னொருவன் வாங்கவும் முடியும் என்பது நீர்க்கட்டி வீட்டில் பிறந்தவன் புத்திக்கு எட்டுகிற காரியமாக இல்லை.

அப்படித்தான் கொம்பையா காசுக்கு ஆடுகிறவன் ஆனான். கோலில் நின்ற முதல் ஆட்டத்திலேயே வட்டு எந்த மூலைக்கு வரும் என்று அவன் உள்ளங்கால் பனியின் அதிர்வில் தெரிந்துகொண்டது. தண்ணீரைப் பற்றிச் சொன்ன கால் பனியைப் பற்றியும் சொன்னது. வட்டை அவன் நெஞ்சில் வாங்கினான், முழங்காலில் வாங்கினான், ஒருதரம் பல்லில் வாங்கினான். ஒவ்வொரு முறை அவன் தடுத்தபோதும் கரையில் இருந்த சனம் முழுக்க எழுந்து, “மடை அடைச்சாச்சு!” என்று கத்திக் கைதட்டியது. வடக்கே பனிமலையிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள், கடல்கடந்தும் வந்தார்கள், வந்தவர்களிடம் இருளப்பன் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். பனியிலேயே பிறந்து வளர்ந்த ஆறடி ஆள் ஒருவன் வெறுங்காலோடு அரை ஆட்டம் தாங்கமுடியாமல் உட்கார்ந்து அழுதபோது சீனியம்மாள்தான் விளக்கெண்ணெய் சுடவைத்து அவன் காலில் தேய்த்துவிட்டாள். மறுநாள் அவன் ஊருக்குப் போய்விட்டான். பட்டணத்திலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் பூட்ஸ் போட அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னார்கள், பிறகு கூட்டத்தைப் பார்த்தார்கள், கூட்டம் வெறுங்காலைத்தான் பார்க்க வருகிறது என்று கண்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

ஓடுகிறவர்களுக்குக் கால் சூடு பிடித்துக்கொள்ளும். நிற்கிறவனுக்குப் பிடிக்காது. கோலில் நிற்கிறவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் வருசம் கொம்பையாவின் இடதுகால் சுண்டுவிரல் கறுத்தது, வைத்தியர் அதை எடுத்துவிட்டார். சீனியம்மாள் அதை வாங்கிச் சேலை முந்தியில் முடிந்து கொண்டுபோய் வயலின் ஈசானி மூலையில் குழி தோண்டி வைத்து மூடினாள்.

“அங்க எதுக்குடீ?” என்றான் கொம்பையா.

“வேற எங்க வைக்க? அதுக்காகத்தான போச்சு.”

அதற்குப் பிறகு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, சில வருசம் ஒன்றும் போகாது, ஒரு வருசம் இரண்டு போகும். ஒவ்வொன்றும் ஈசானி மூலைக்குப் போனது. ஆடி பிறந்ததும் சீனியம்மாள் காய்ந்த வயலை உழவு போட்டு வைத்தாள், அண்ணன் ஊருக்குப் போய்ப் புது விதைநெல் வாங்கி வந்து குலுக்கையில் கொட்டினாள், போன வருசத்து நெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சினாள், ஏனென்றால் பழைய நெல் முளைக்காது, தண்ணீர் எந்த நாளில் வருமென்று யாருக்குத் தெரியும்.

“இன்னும் எத்தன கெடக்கு?” என்று கேட்பாள், அவன் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே.

“ஆறு.”

“இந்த வருசம் நெல்லு வாங்கவா?”

“வாங்கு. வாங்காம?”

ஊரில் கருப்பனுக்குப் பொங்கல் வைக்கும்போது எல்லோரும் குளிர்ச்சி குறையாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டார்கள். மனை விற்றது, லாட்ஜ் வந்தது, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்கள் பஜ்ஜிக் கடை போட்டார்கள், மேடைக்குப் பின்னால் வீடுகள் எழும்பி அந்த இடத்துக்குப் பனிநகர் என்று பேராயிற்று. கொம்பையா ஒருவன் மட்டும் உருகிவிடு உருகிவிடு என்று கும்பிட்டான், கும்பிட்டுவிட்டுப் போய்க் கோலில் நின்றான், நின்று தன் அணியை ஜெயிக்க வைத்தான், ஜெயித்த ஒவ்வொரு முறையும் பனிநகரில் மனைவிலை ஏறியது, அவன் வயலைச் சுற்றி இன்னும் ஒரு சுவர் எழும்பியது.

கோல் கம்பத்துக்கு நேர் கீழே, பனிக்குள், கெளுத்தி மீன் ஒன்று நின்றது. ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பப்போன சமயத்தில் கண்மாய் உறைந்திருக்க வேண்டும். பாதித் திரும்பலில், வாலை வளைத்தபடி, மீசை விரிய அது நின்றுகொண்டிருந்தது. வட்டு மறுபக்கம் இருக்கும்போதெல்லாம் கொம்பையா அதைக் குனிந்து பார்ப்பான். “நானும் இப்படித்தான்” என்று ஒருநாள் சீனியம்மாளிடம் சொன்னான். “ஒனக்கு மீசை அவ்வளவு இல்ல” என்றாள் அவள்.

அவள்தான் ஒருநாள் வயலிலிருந்து வந்து அதைச் சொன்னாள். “இந்தாருங்க, வாய்க்கால்மேல பனிநகர்க்காரன் செவரு வச்சிருக்கான். ரெண்டு எடத்துல மண்ணப் போட்டு மூடி கார் நிறுத்துதான்.”

கொம்பையா காலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், கட்டை விரல் இரண்டு மட்டும் மிச்சம் இருந்ததால் கயிறு நிற்கவில்லை, மறுபடி மறுபடி கட்டினான். “காஞ்ச வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாதுடீ. தண்ணி வந்தா அதுக்கு வழி தெரியும். தண்ணிய மறிக்க எவனால முடியும்” என்றான். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை மறித்ததுதான் தன் தொழில் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

கடைசி விரல் போன பிறகும் ஒரு பருவம் முழுக்கப் பலகைமேல் உட்கார்ந்தபடி அவன் கோலை அடைத்தான். கடைசி ஆட்டத்தில் வட்டு இடது மூலைக்குள் போனது, அவன் வலது மூலையில் கைநீட்டியிருந்தான். கால் ஒன்றும் சொல்லவில்லை. அன்றோடு அவனுக்கு ஒரு மாலையும், அவன் ஆடிய இரண்டு மட்டைகளையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த இரண்டு மட்டைகளையும் தலைகீழாகப் பிடித்து ஊன்றிக்கொண்டு அவன் நடந்தான். செல்லத்துரை முதலாளி காலமாகி, கட்டிகளின் நடுவே மகன்கள் வரும்வரை காத்துக் கிடந்து, எரிந்து போனார். மகன்கள் வயலைக் கேட்கவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றினார்கள்.

உருகியது ஒரு சாதாரணக் காலையில். மீன் கூடையில் அம்மாக்காரியும் மகளும் பேத்தியும் போட்டு வந்த கட்டி தண்ணீராகி ஒழுகியது. சீராக வந்த கட்டிகள் பீரோவுக்குள் உருகிப் பட்டுச்சேலைகளை நனைத்தன. தெற்குத்தெருவில் மகனுக்காகக் காத்திருந்த கிழவரைச் சாயங்காலம் வரை வைக்க முடியாமல் உடனே தூக்கினார்கள். கோல் கம்பங்கள் சாய்ந்து மிதந்தன. கரையில் உட்கார்ந்திருந்த கொம்பையா தண்ணீருக்குள் பார்த்தான்: கெளுத்தி மீன் இத்தனை வருசம் பாதியில் வைத்திருந்த திரும்பலை முடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஆழத்துக்குப் போனது.

“சீனி!” என்று கத்தினான். “பாய்ச்சல்! இன்னைக்குப் பாய்ச்சல்!”

அவள் மண்வெட்டியோடு ஓடி வந்தாள். குலுக்கையில் நெல் இருந்தது, வயலில் உழவு இருந்தது, கண்மாயில் தண்ணீர் இருந்தது. நீர்க்கட்டிதான் மடைப்படியில் நிற்க முடியவில்லை. முதல் படியில் வைத்த கால் வழுக்கியது, கவ்வ ஒன்றும் இல்லாத பாதம் சோப்புக்கட்டி மாதிரி விலகியது. சீனியம்மாள் சேலை முந்தியை அவன் இடுப்பில் கட்டி, நடுவே கருப்பன் சூலத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றும், பனியில் மரத்துப்போன உடம்புக்கு ஒன்றும் தெரியாமல், அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“சூடா இருக்கா, குளுந்து இருக்கா?”

அவள் ஒரு கையை விட்டுப் பார்த்தாள். “வெதுவெதுன்னு இருக்கு. கைப்பிள்ளயக் குளிப்பாட்டலாம்.”

அவன் தலையை ஆட்டிவிட்டுப் பலகையைத் தூக்கினான். தண்ணீர் மடைக்குள் சுழன்று, இரைந்து, அந்தப் பக்கம் வாய்க்காலில் விழுந்து ஓடியது. வழி தெரிந்த மாதிரியேதான் ஓடியது. முதல் சுவர் வரை ஓடியது, அங்கே நின்றது, சுவரைச் சுற்றிப் பார்த்தது, பிறகு தாழ்வான பக்கம் பார்த்துத் திரும்பிப் பனிநகரின் முதல் தெருவுக்குள் போனது. சுவர்களுக்கு அப்பால், வாய்க்காலின் கடைசியில், கொம்பையாவின் வயல் உழவு மண் காய்ந்து சிவந்து கிடந்தது.

வீடுகளிலிருந்து ஆட்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். “யோவ் பெரியவரே! யாருய்யா தொறக்கச் சொன்னா? வீட்டுக்குள்ள தண்ணி வருது! மூடுய்யா அத!”

செல்லத்துரையின் இளைய மகன் மோட்டார் சைக்கிளில் வந்து கரையில் நின்றான். மரியாதையாகத்தான் பேசினான். “கொம்பையாண்ணே, அப்பா குடுத்த வாக்க நாங்க மீறல. உங்க வயல் உங்க வயலாத்தான கெடக்கு?”

“கெடக்கு தம்பி.”

“யாராச்சும் தொட்டமா?”

“தொடல.”

“அப்புறம் என்னண்ணே. பிள்ளைகுட்டி இருக்கிற வீடு. அடைங்க.”

வேறு யாருக்கும் அந்த மடையை அடைக்கத் தெரியாது. ஒருவன் இறங்கிப் பார்த்தான், தண்ணீரின் இழுப்பைக் கண்டு ஏறிவிட்டான். தெருவில் ஒரு குழந்தை அழுதது. கொம்பையா சீனியம்மாளைப் பார்த்தான், அவள் முந்தியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். அவன் பலகையை நெஞ்சோடு அணைத்து, தண்ணீரை நெஞ்சிலும் முழங்காலிலும் வாங்கிக்கொண்டு, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். இரைச்சல் நின்றது. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கூட்டத்தில் நரைத்த ஆள் ஒருவர், பழக்கதோசத்தில், மெதுவாகச் சொன்னார்: “மடை அடைச்சாச்சு.”

கூட்டம் கலைந்த பிறகு சீனியம்மாள் அவனை மேலே இழுத்துப்போட்டாள், முந்தியைப் பிழிந்தாள், வீட்டுக்குப் போய்க் குடம் எடுத்து வந்து கண்மாயில் மொண்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த சந்துகளில் புகுந்து புகுந்து போய், ஈசானி மூலையில், விரல்களைப் புதைத்த இடத்தில் ஊற்றினாள். மண் சீறியது. கரையிலிருந்து கொம்பையா கத்திக் கேட்டான்:

“எவ்வளவு எறங்கிருக்கு?”

அவள் குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். ஈரம் தட்டவில்லை. குடம் ஊற்றிய தடம்கூட அதற்குள் வெளுத்துப் போயிருந்தது.

“எறங்குது” என்று கத்திவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கண்மாய்க்கு நடந்தாள்.